சிவப்பு முட்டி டரான்டுலா: உங்களிடம் இருப்பது ஹமோரியா, ஸ்மித்தியா?

டப்பாவில் "பிராக்கிபெல்மா ஸ்மித்தி" என்று எழுதியிருந்ததை நான்கு வருடம் நம்பினேன். போன மாதம் என் பெண் சிலந்தி உரித்த சட்டையை, அதாவது கழற்றிப்போட்ட பழைய தோலைப் பார்த்தபோதுதான் அவள் ஹமோரி என்ற வேறு இனம் என்று தெரிந்தது. மெக்சிகோவின் இந்தச் சிலந்தியை வளர்க்கும் நிறையப் பேருக்கு இதே குழப்பம் உண்டு. 2017இல் மென்டோசா, பிரான்கே என்ற ஆய்வாளர்கள் பிராக்கிபெல்மா பேரினத்தின் சிவப்பு முட்டி இனங்களின் வகைப்பாட்டைத் திருத்தி எழுதினார்கள். அதன்படி, நாம் ஸ்மித்தி என்று சொல்லிவந்தவற்றில் பெரும்பாலானவை ஹமோரி. அன்னிதா என்ற தனி இனமாக விற்றதுதான் உண்மையான ஸ்மித்தி. பழைய பெயர்ச் சீட்டுகள் மட்டும் மாறவில்லை.

சரி, முதலில் உறவுக்காரர்களைக் கழித்துவிடுங்கள். முதுகு ஓடு முழுக்க ஆரஞ்சு என்றால் போமெய். வெளிர் ஓட்டின் முன்பக்கம் கருப்பு முக்கோணம் இருந்தால் எமிலியா. முட்டியில் தீச்சுடர் வடிவில் சிவப்பு இருந்தால் ஆரட்டம்.

அடுத்தது முகம். சட்டை உரித்த சில வாரங்களுக்குள், பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். உரிப்பதற்கு முன் நிறம் மங்கிவிடும். பற்களைத் தாங்கும் இரண்டு பருத்த பாகங்களில், சாம்பல் நிறத்தின் மேல் இளஞ்சிவப்பு கலந்த பழுப்புப் பட்டைகள் இரண்டு தெரிந்தால் ஹமோரி. ஸ்மித்தியில் அவை இல்லை. ஆனால் சில ஹமோரியில் பட்டை தெரியாது. என்னுடையதில் தெரியவில்லை, அங்கேதான் நின்றுபோனேன்.

அப்புறம் சட்டைதான் வழி. காய்ந்த சட்டையை இழுத்துப் பிரிக்காதீர்கள். முதல் முறை அப்படித்தான் வயிற்றுப் பகுதியைக் கிழித்தேன். வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு, இளகும்வரை ஊறவையுங்கள். இடுக்கி வேண்டாம், மெல்லிய ஓவியத் தூரிகை போதும். கையுறை கட்டாயம்: வயிற்றில் இருக்கும் அரிப்பு முடிகள் சட்டையிலும் ஒட்டியிருக்கும். கண்ணில் பட்டால் பெரிய தொல்லை.

வயிற்றின் உட்பக்கம் மேலே தெரியும்படி விரியுங்கள். வெள்ளையாகத் தெரியும் நான்கு திட்டுகள் நுரையீரல்கள். முன் இரண்டுக்கும் நடுவில் பெண்ணின் விந்துப்பை (ஆணின் விந்தைச் சேர்த்துவைக்கும் உறுப்பு) இருக்கும். அதன் அடித்தட்டு நீள்வட்டமாக இருந்தால் ஹமோரி. பிளவுபட்டு முக்கோணச் சாயலில் இருந்தால் ஸ்மித்தி. கை லென்ஸில் எனக்குத் தெளிவாகவில்லை. கணினியில் செருகும் யூஎஸ்பி நுண்ணோக்கியையே சொல்வேன்.

பின்சேர்க்கை: ஆண் சிலந்திக்கு என்ன வழி என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். முதிர்ந்த ஆணின் முன் உணர்கை (வாயருகே குட்டைக் கால்போல் இருக்கும் உறுப்பு) நுனியில் உள்ள குமிழைப் பாருங்கள். ஸ்மித்தியில் கரண்டிபோல் அகன்றிருக்கும், ஹமோரியில் ஒடுங்கியிருக்கும். குஞ்சுகளுக்கு இந்த அடையாளங்கள் உதவாது. வளரும்வரை சீட்டில் "ஹமோரி அல்லது ஸ்மித்தி" என்றே எழுதி வையுங்கள்.