திருத்திய நிரலை அனுப்புமுன் ஓட்டிப் பாருங்கள்

ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் இருந்துகொண்டு திறந்த மூல மென்பொருள்களுக்கு (நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடியவை) பங்களிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு குறிப்பு. கோப்பில் கைவைக்கும் முன்பே அந்த மென்பொருளின் சோதனைகளை, அதாவது நிரல் சரியாக இயங்குகிறதா என்று பார்க்கும் சிறு நிரல்களை, ஒருமுறை ஓட்டிவிடுங்கள். ஏற்கெனவே தோற்பவை எவை என்று தெரிந்தால், அந்தப் பழி பிறகு உங்கள் தலையில் விழாது.

திருத்தத்துக்கென்று புதிதாக ஒரு சோதனை எழுதுங்கள். பிறகு திருத்தத்தை மட்டும் நீக்கிவிட்டு ஓட்டுங்கள். இப்போது அது தோற்க வேண்டும். அப்போதும் தேறினால் அந்தச் சோதனை வெறும் அலங்காரம்தான்.

உரையைக் கையாளும் நிரலா? நம் ஊர்ப் பெயர்களையே கொடுத்துப் பாருங்கள். ‘நுவரெலியா’ கண்ணுக்கு 5 எழுத்து. பைத்தான் நிரல்மொழியில் நீளத்தை எண்ணும் ‘லென்’ கணக்கில் 9, கொம்பு, கால் போன்ற குறிகளையும் அது தனித்தனியாக எண்ணுவதால். முதல் 4 போதும் என்று வெட்டினால் ‘நுவர’ என்று நின்றுவிடும், ‘ரெ’யின் கொம்பு கழன்று போயிருக்கும். ஆங்கிலச் சொற்களை மட்டும் வைத்துச் சோதிப்பவர் கண்ணில் இது படவே படாது. இந்த வகைப் பிழையைப் பிடிக்க நம்மைவிடத் தகுந்தவர் யார்?

மலைச்சரிவில் இணையம் மந்தமா? நிரல் தொகுப்பை நம் கணினிக்கு இறக்கும் ‘கிட் குளோன்’ கட்டளையோடு ‘டெப்த் 1’ சேர்த்தால் பழைய மாற்றங்களின் வரலாறு முழுவதும் இறங்காது, டேட்டா மிச்சம்.