பள்ளியில் எடுத்த ஜப்பானிய மொழியை வேலை வரை கொண்டுபோக

ஜப்பானிய ஒலியெழுத்து முறைகளான ஹிரகனா, கதகனா இரண்டிலும் அடிப்படை எழுத்துகள் தலா 46தான். முதல் மாதத்திலேயே முடித்துவிடுங்கள். ஆங்கில எழுத்தில் எழுதிப் படித்தால் உச்சரிப்பும் வாசிப்பும் சேர்ந்தே கெடும். இலக்கணம் தமிழருக்குப் பெரிய பாரமில்லை: வினை கடைசியில் வரும், பெயருக்குப் பின்னால் வேற்றுமை உருபுபோல இடைச்சொல் ஒட்டும். எனவே வாக்கியத்தைத் தமிழிலிருந்தே நேராக அமையுங்கள். ஆங்கிலம் வழியாகப் போனால் சுற்றுவழி.

உண்மையான சுமை கான்ஜி எனப்படும் சீன வழி எழுத்துகள். அன்றாடப் பயன்பாட்டுப் பட்டியலில் மட்டும் 2136. தனி எழுத்தாக மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரே எழுத்துக்குப் பல ஒலிப்பு உண்டு, சொல்லோடு படித்தால்தான் நிற்கும்.

ஜப்பானிய மொழித்திறன் தேர்வான ஜேஎல்பிடியைச் சென்னையிலும் எழுதலாம். அதன் நிலைகளில் என்5 மிக எளிது, என்1 மிகக் கடினம். என்5-க்கு 180க்கு 80 போதும். ஆனால் கேட்டல் பகுதியில் 60க்கு 19 வராவிட்டால் மொத்தம் எவ்வளவு எடுத்தாலும் தோல்விதான். பலர் சறுக்குவது இங்கேதான், தினமும் ஒலிப்பதிவு கேளுங்கள். ஜேஎல்பிடியில் பேச்சுக்குத் தேர்வே கிடையாது என்பதால் அதைத் தனியாகப் பழக வேண்டும். நேர்முகத்தில் அது உடனே வெளிப்படும்.

என்5 சான்றிதழை மட்டும் நம்பி வேலை தேடாதீர்கள். மொழிபெயர்ப்பு, தொடர்புப் பணி என்றால் என்2-வையாவது குறிவையுங்கள். பிளஸ் டூ முடித்ததும் ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்கு முயலலாம். அதற்குக் கணிதமும் ஆங்கிலமும் வேண்டும்.