போர்ட் ஆஃப் ஸ்பெயினில் குறைந்த செலவில் தங்குவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

கரீபியன் என்றதும் கடற்கரையும் ரிசார்ட்டும்தான் கண்ணில் வரும். டிரினிடாட்டின் தலைநகரமான போர்ட் ஆஃப் ஸ்பெயின் அப்படிப்பட்ட ஊர் இல்லை. துறைமுகம், வங்கிகள், அரசு அலுவலகங்கள் என்று காலையில் வேலைக்கு ஓடுகிற ஊர் அது. எண்ணெயும் எரிவாயுவும் அந்த நாட்டின் பெரிய வருமானம், அதனால் பெரிய ஹோட்டல்கள் கம்பெனி செலவில் வருகிறவர்களை நினைத்தே விலை போட்டிருக்கின்றன. சொந்தக் காசில் போகிறவர்களுக்குச் சரியான வழி கெஸ்ட் ஹவுஸ்தான். நான் ஒன்பது நாள் தங்கினேன், முதல் இரண்டு நாள் தப்பான இடத்தில், மீதி ஏழு நாள் சரியான இடத்தில். அந்த இரண்டுக்கும் நடுவில் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: ரூம் பார்க்கும் முன் ஊசி

இந்தியாவிலிருந்து போகிற பலர் கோட்டை விடுவது இங்கேதான். மஞ்சள் காய்ச்சல் ஆபத்து உள்ள நாடுகள் என்று இந்திய அரசு வைத்திருக்கும் பட்டியலில் டிரினிடாட் இருக்கிறது. இந்தியாவிலிருந்து நேராகப் போகும்போது அங்கே யாரும் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள், அதனால்தான் இது யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. திரும்பி வந்து இறங்கும்போது நம் விமான நிலையத்தில் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், எனவே டிக்கெட் போட்ட வாரமே இதை முடித்துவிடுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

படி 2: எந்த மாதம்

ஜனவரி முதல் மே வரை வெயில் காலம், ஜூன் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். சூறாவளிகள் வழக்கமாகப் போகும் பாதைக்குத் தெற்கே இருப்பதால் மற்ற தீவுகளைப் போல டிரினிடாட் அடிக்கடி அடிவாங்குவதில்லை, மழைக்காலத்திலும் தைரியமாகப் போகலாம்.

நீங்கள் உண்மையில் பார்க்க வேண்டியது கார்னிவல் தேதியை. கிறிஸ்தவர்களின் சாம்பல் புதனுக்கு முந்தைய திங்கள், செவ்வாய்தான் கார்னிவல். அந்த வாரம் சாதாரண கெஸ்ட் ஹவுஸ்கூட வாடகையை இரண்டு மூன்று மடங்காக்கிவிடும், அதுவும் ஐந்து ஆறு நாள் மொத்தமாக எடுத்தால்தான் கொடுப்பார்கள். கார்னிவலுக்காகவே போகிறீர்கள் என்றால் பல மாதம் முன்னால் புக் செய்யுங்கள். மற்றவர்கள் அந்த வாரத்தை விட்டுவிட்டுப் போவது நல்லது.

படி 3: ஏரியாவைத் தேர்ந்தெடுப்பது

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். நான் செய்த தப்பு, ஆன்லைனில் விலையை ஏறுவரிசையில் வைத்து மேலே இருந்ததைத் தட்டியது. ஊருக்கு வெளியே மலைச்சரிவில் ஒரு வீடு, நாளுக்கு 40 அமெரிக்க டாலர், நல்ல காற்று, நல்ல காட்சி. ஆனால் இருட்டிய பிறகு அங்கிருந்து நடந்து போக முடியாது, பக்கத்தில் கடை இல்லை, ராத்திரி சாப்பாட்டுக்குப் போய்வர டாக்ஸிக்கு மட்டும் 20 டாலருக்கு மேல் போனது. மூன்றாம் நாள் 58 டாலருக்கு உட்புரூக்கில் ஒரு ரூமுக்கு மாறினேன், அதற்குப் பிறகு மொத்தச் செலவு குறைந்தது. ரூம் வாடகையோடு ராத்திரி டாக்ஸியையும் சேர்த்துப் பார்ப்பதுதான் இந்த ஊரில் சரியான கணக்கு.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்லும் இரண்டு ஏரியா உட்புரூக்கும் செயின்ட் ஜேம்ஸும். உட்புரூக்கில் பழைய மர வீடுகள், நேர் நேரான தெருக்கள், சாப்பிட அரியபிட்டா அவென்யூ. குவீன்ஸ் பார்க் ஓவல் மைதானத்துக்கு நடந்தே போகலாம், 1976-இல் இந்தியா 403 ரன் இலக்கைத் துரத்தி ஜெயித்த அதே ஓவல்தான். அரியபிட்டா அவென்யூ மேலேயே ரூம் எடுக்காதீர்கள், வெள்ளி சனி ராத்திரி பாட்டுச் சத்தம் ஜன்னல் கண்ணாடியை அதிர வைக்கும். இரண்டு தெரு தள்ளி எடுங்கள்.

செயின்ட் ஜேம்ஸ் இன்னும் கொஞ்சம் மேற்கே. கரும்புத் தோட்டமாக இருந்த இடம், ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர்கள் குடியேறிய பகுதி. தெருப் பெயர்களைப் பாருங்கள்: கல்கத்தா, டெல்லி, பம்பாய், மெட்ராஸ். 1845 முதல் 1917 வரை டிரினிடாட்டுக்கு வந்த ஏறக்குறைய 1,44,000 இந்தியர்களில் பெரும்பாலோர் கல்கத்தா துறைமுகத்திலிருந்து வந்தவர்கள், ஒரு சிறு பங்கினர் மெட்ராஸிலிருந்து கப்பலேறிய நம் ஆட்கள். 'மெட்ராஸ் ஸ்ட்ரீட்' என்ற பலகையின் கீழே நான் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். ஊரை விட்டுக் கிளம்பியவர்கள் திரும்பிப் பார்க்க ஒரு பெயராவது அங்கே தங்கியிருக்கிறதே என்று இருந்தது.

துறைமுகத்தை ஒட்டிய டவுன்டவுன் பகலில் கலகலப்பாக இருக்கும், கடைகள் மூடியதும் வெறிச்சோடிவிடும், அங்கே தங்க வேண்டாம். நகரத்தின் கிழக்குப் பக்கமான லாவென்டில், சீ லாட்ஸ், பீதம் பகுதிகளில் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் எடுக்காதீர்கள். குற்றச் செயல்கள் காரணமாக 2024 டிசம்பரிலும் 2025 ஜூலையிலும் நாட்டில் அவசரநிலையே அறிவித்தார்கள். போகும் வாரத்தில் நிலவரம் என்ன என்று செய்தியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படி 4: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

வாட்ஸ்அப்பில் உரிமையாளரிடமே கேட்கலாம், கெஸ்ட் ஹவுஸ்காரர்கள் பொறுமையாகப் பதில் சொல்வார்கள்.

முதல் கேள்வி: எந்த டாலர்? டிரினிடாட்டுக்குத் தனி டாலர் உண்டு, டிடி என்பார்கள். ஒரு அமெரிக்க டாலருக்கு ஏழுக்குச் சற்றுக் குறைவாக டிடி கிடைக்கும். ரூம் விலை பெரும்பாலும் அமெரிக்க டாலரில், டாக்ஸியும் சாப்பாடும் டிடியில், வாயில் மட்டும் எல்லாமே 'டாலர்ஸ்'. விலை சொன்ன ஒவ்வொரு முறையும் "டிடியா, யுஎஸ்ஸா" என்று கேளுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டாவது, வரி சேர்த்த விலையா? அறை வரி 10 சதவீதம், பல இடங்களில் சர்வீஸ் சார்ஜ் இன்னொரு 10 சதவீதம். 60 என்று பார்த்தது கடைசி பில்லில் 72 ஆகிவிடும். நான்கு நாள் தங்கினால் 48 டாலர் வித்தியாசம், கிட்டத்தட்ட ஒரு நாள் வாடகை.

அப்புறம் தண்ணீர். குழாய்த் தண்ணீர் பல பகுதிகளில் முறை வைத்துத்தான் வரும், நம் ஊரில் லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு இது புதிதல்ல. "டேங்க் இருக்கிறதா, பம்ப் இருக்கிறதா" என்று கேளுங்கள். இரண்டும் இருந்தால் கவலை இல்லை. டேங்க் இருந்து பம்ப் இல்லையென்றால் மாடி ஷவரில் நூல் போலத்தான் வரும்.

நாலாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை, ஆனால் கட்டாயம் கேட்க வேண்டியது. அங்கே எல்லா ஜன்னலிலும் வாசலிலும் இரும்புக் கிரில் இருக்கும், 'பர்க்ளர் ப்ரூஃப்' என்பார்கள். ராத்திரி அதைப் பூட்டிவிடுவார்கள். தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர் எப்படி வெளியே வருவது? கிரில் சாவி உங்கள் சாவிக்கொத்திலேயே இருக்க வேண்டும், உரிமையாளரிடம் மட்டும் இருக்கக் கூடாது. நான் மாறிய வீட்டில் உரிமையாளரான அம்மா சிவப்பு நூல் கட்டிய சாவி ஒன்றைத் தனியாகக் காட்டி, என்னையே இரண்டுமுறை பூட்டித் திறக்கச் சொன்னார். அந்த ஒரு செயலிலேயே இந்த வீட்டை நம்பலாம் என்று தோன்றியது.

ஏசிக்குத் தனிக் கட்டணமா, சமையலறையைப் பயன்படுத்தலாமா, ராத்திரி லேட்டாக வந்தால் யார் கதவு திறப்பார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

படி 5: பெட்டியில் என்ன

அங்கே மின்சாரம் 115 வோல்ட், சாக்கெட் அமெரிக்கா மாதிரி தட்டையான பின் உள்ளது. போன், லேப்டாப் சார்ஜருக்கு அடாப்டர் மட்டும் போதும். ஆனால் இங்கே வாங்கிய எலெக்ட்ரிக் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வோல்டேஜ் பாதியானால் சூடு கால் பங்காகிவிடும், 1500 வாட் கெட்டில் அங்கே 375 வாட்தான் இழுக்கும், ஒரு லிட்டர் கொதிக்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ரைஸ் குக்கருக்கும் இதே கதிதான்.

ராணுவ உடை மாதிரி பச்சைப் புள்ளி போட்ட கேமோ பேன்ட், தொப்பி, பை எதுவும் வேண்டாம். அங்கே பொதுமக்கள் அதை அணிவது சட்டப்படி குற்றம், பிள்ளைகளின் உடையிலும் பார்த்துக்கொள்ளுங்கள். கொசு மருந்து கட்டாயம், டெங்கு உண்டு.

படி 6: இறங்கிய அன்று

பியார்கோ விமான நிலையம் நகரத்துக்குக் கிழக்கே சுமார் 25 கிலோமீட்டர். குடியேற்ற கவுன்டரில் தங்குமிடத்தின் முழு முகவரி, போன் நம்பர், திரும்பும் டிக்கெட் கேட்பார்கள். போனில் நெட் வராமல் போகலாம், காகிதத்தில் எழுதி வைத்திருங்கள்.

நகரத்துக்கு அரசுப் பேருந்து உண்டு, மிக மலிவு, ஆனால் டிக்கெட்டை முன்னாலேயே வாங்க வேண்டும், பஸ்ஸில் காசு வாங்க மாட்டார்கள். அது போய் நிற்பது சிட்டி கேட், பழைய ரயில் நிலையக் கட்டடம். முதல் நாள் பெட்டியோடு, அதுவும் இருட்டிய பிறகு, அங்கே இறங்க வேண்டாம். அன்று மட்டும் விமான நிலைய டாக்ஸிக்குக் காசு கொடுங்கள். கட்டணம் நிர்ணயித்தது, பலகையில் போட்டிருப்பார்கள், இரவு 10 மணிக்கு மேல் பாதி கூடுதல். அதனால் பகலில் இறங்கும் விமானமாகப் பார்த்து எடுப்பது ஒரு சேமிப்பு. கெஸ்ட் ஹவுஸில் தங்களுக்குத் தெரிந்த டிரைவரை அனுப்புகிறோம் என்றால் அது இன்னும் நல்லது, அந்த நம்பரே மீதி நாளுக்கும் உதவும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் வணக்கம். இது முக்கியம். கடையானாலும் மேக்ஸி என்னும் ஷேர் வேனானாலும் நுழைகிறவர்தான் முதலில் "குட் மார்னிங்" சொல்ல வேண்டும், சொல்லாமல் நேரே விஷயத்துக்குப் போனால் மரியாதை தெரியாதவர் என்று நினைப்பார்கள். ராத்திரி வரும்போது சொல்வது "குட் நைட்". நமக்கு அது விடைபெறும் சொல், அவர்களுக்கு வரவேற்பு. முதல் ராத்திரி அந்த அம்மா கதவைத் திறந்து "குட் நைட்" என்றதும், நேரமாகிவிட்டது, தூங்கப் போகச் சொல்கிறார் போல என்று நான் தயங்கி நின்றேன்.

பெட்டியைப் பிரிக்கும் முன் ஷவர், ஏசி, கதவுப் பூட்டு, கிரில் சாவி, மெத்தையின் ஓரத் தையல் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். குறை இருந்தால் அப்போதே சொன்னால் ரூம் மாற்றிக் கொடுப்பார்கள்.

படி 7: சாப்பாடும் போக்குவரத்தும்

காலைச் சாப்பாடு சேர்த்த ரூமுக்குக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள், தெருவில் டபுள்ஸ் இருக்கிறது. 'பரா' என்று இரண்டு மெல்லிய பொரித்த ரொட்டி, நடுவில் கொண்டைக்கடலைக் குழம்பு, மேலே புளிச் சட்னி, வெள்ளரி. சைவக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம். விலை சில டிடிதான், இரண்டு சாப்பிட்டால் மதியம் வரை தாங்கும். காரம் கேட்பார்கள், "ஸ்லைட்" என்று சொல்லுங்கள். நம் நாக்குக்கு எல்லாக் காரமும் தாங்கும் என்று நினைத்து நிறையக் கேட்காதீர்கள், அந்த மிளகாய் வேறு ரகம். வண்டிகள் காலை பத்து பதினொன்றுக்கெல்லாம் மூடத் தொடங்கும். உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களில் 12.5 சதவீத வாட் வரியும் சர்வீஸ் சார்ஜும் பில்லில் ஏறும்.

போக்குவரத்துக்கு மேக்ஸி டாக்ஸி. நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி குறிப்பிட்ட வழியில் ஓடும் வேன்கள், பக்கவாட்டில் உள்ள பட்டையின் நிறம்தான் வழி. மஞ்சள் பட்டை நகரத்தின் மேற்குப் பக்கம், சிவப்பு கிழக்கே அரிமா பக்கம், பச்சை தெற்கே சகுவானாஸ், சான் பெர்னாண்டோ. ஷேர் கார்களும் உண்டு, நம்பர் பிளேட் 'ஹெச்' எழுத்தில் தொடங்குவதில் மட்டும் ஏறுங்கள். 'பி' என்று தொடங்குவது தனியார் கார், ஆள் ஏற்றினாலும் உரிமம் இல்லாதது. இருட்டிய பிறகு இதெல்லாம் வேண்டாம், தெரிந்த டிரைவரைக் கூப்பிடுங்கள். சவானா மைதானத்தைச் சுற்றி நடப்பது மாலை வெளிச்சத்தில் அருமையாக இருக்கும், இளநீர் வண்டிகள் நிற்கும், இருட்டுமுன் திரும்பிவிடுங்கள். அவசரத்துக்குப் போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 811.

படி 8: கிளம்பும் நாள்

செக் அவுட்டுக்கு முந்தின ராத்திரியே பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், வரிக் கணக்கில் சந்தேகம் இருந்தால் நிதானமாகப் பேச நேரம் இருக்கும். சாயங்கால விமானம் என்றால் வேலை முடிந்து நகரத்திலிருந்து கிழக்கே போகும் கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள், மதியமே கிளம்பி விமான நிலையத்தில் உட்கார்ந்துகொள்வது மேல். அங்கேயும் டபுள்ஸ் கிடைக்கும். கையில் மிச்சமுள்ள டிடியை அங்கேயே செலவழித்துவிடுங்கள், நம் ஊரில் மாற்றித் தர ஆள் கிடையாது. மஞ்சள் காய்ச்சல் அட்டையைப் பெட்டிக்குள் போடாமல் பாஸ்போர்ட்டோடு கைப்பையில் வையுங்கள், பெட்டி வரும் பெல்ட்டுக்குப் போகும் முன்னாலேயே அதைக் கேட்பார்கள்.