செயின் இரண்டாகப் பிரிந்தால்: வாலட் மென்பொருளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிட்காயின் பரிவர்த்தனைகள் பிளாக் எனும் தொகுப்புகளாகப் பதிவாகி, ஒன்றன் மேல் ஒன்றாகச் செயினில் கோக்கப்படுகின்றன; கணினி உழைப்பால் அவற்றை உருவாக்குபவர்கள் மைனர்கள். ஏறக்குறைய ஒரே நேரத்தில் இரண்டு மைனர்கள் ஆளுக்கொரு பிளாக்கைக் கண்டுபிடித்தால், செயின் சிறிது நேரம் இரண்டு கிளைகளாக நிற்கும். அடுத்த பிளாக் எதன் மேல் வருகிறதோ அது முந்தும், மற்றது கைவிடப்படும். பிட்காயினில் இது இயல்பாக நடப்பதுதான். அப்போது, பயனரின் காசுக் கணக்கை வைத்திருக்கும் வாலட் இரண்டு கிளைகளையும் கலக்க முயலக் கூடாது. வென்ற கிளையை ஏற்க வேண்டும். தோற்ற கிளையால் தன் கணக்கில் நேர்ந்த மாற்றங்களைத் திரும்பப் பெற வேண்டும். ஏற்பதை எல்லோரும் ஒழுங்காக எழுதிவிடுகிறார்கள். திரும்பப் பெறுவதில்தான் பயனரின் பணம் குழம்புகிறது.

முதல் தவறு, பிளாக்குகளை எண்ணி வெற்றியாளரை முடிவு செய்வது. ஒப்பிட வேண்டியது ஒவ்வொரு கிளையிலும் சேர்ந்திருக்கும் மொத்த வேலையை, அதாவது அதன் பிளாக்குகளை உருவாக்கத் தேவையான கணினி உழைப்பை. பிட்காயினில் 2016 பிளாக்குகளுக்கு ஒருமுறை, பிளாக்கைக் கண்டுபிடிப்பதன் கடினத்தன்மை மாறும். ஆகவே எண்ணிக்கையில் கூடிய கிளை வேலையில் குறைந்ததாக இருக்கலாம். இரண்டும் சமமாக இருந்தால் முதலில் வந்த கிளையிலேயே நில்லுங்கள்.

அடுத்தது வரிசை. இரண்டு கிளைகளும் பிரிந்த பொதுவான பிளாக் வரை, பழைய கிளையை நுனியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். அப்புறம்தான் புதிய கிளையைப் பொருத்த வேண்டும். இதை மாற்றிச் செய்தால் என்ன ஆகும்? பெரும்பாலான பரிவர்த்தனைகள் இரண்டு கிளைகளிலும் இருக்கும். புதியதில் பார்த்துச் சேர்த்த வரவை, பழையதைக் கழற்றும்போது நீங்களே நீக்கிவிடுவீர்கள். பணம் செயினில் பத்திரமாக இருக்கும், வாலட்டில் மட்டும் தெரியாது.

கழற்றும்போது பரிவர்த்தனையை அழித்துவிடுவதுதான் நான் மிக மோசமானதாகக் கருதும் தவறு. பிளாக் தோற்றதால் அதிலிருந்த பரிவர்த்தனை செல்லாததாகிவிடாது. அது காத்திருக்கும் நிலைக்குத் திரும்புகிறது, இன்னொரு பிளாக்கில் ஏறலாம். விதிவிலக்கு, மைனருக்குப் பரிசு தரும் காயின்பேஸ் பரிவர்த்தனை. அது தன் பிளாக்கோடு போய்விடும். அதனால்தான் அந்தக் காசைச் செலவழிக்க 100 பிளாக் காத்திருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது.

ஆனால் ஒரே காசு பழைய கிளையில் உங்களுக்கும் புதிய கிளையில் வேறொருவருக்கும் செலவழிக்கப்பட்டிருந்தால்? அப்போது உங்களுக்கு வந்த பரிவர்த்தனையைக் காத்திருப்பில் வைப்பது பயனரை ஏமாற்றுவதாகும். அதைச் செத்ததாகக் குறியுங்கள். அதிலிருந்து நீங்கள் செலவழித்தவை, அவற்றின் மீதிக் காசை நம்பி எழுந்தவை எல்லாம் சேர்ந்தே சாகும். அந்தச் செலவுகளில் சேர்த்திருந்த உங்கள் மற்றக் காசுகளை மறுபடி செலவழிக்கத் தக்கவையாக விடுவிக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைப் பலர் மறக்கிறார்கள். பயனருக்கும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அதை நம்பி அவர் பொருளைக் கொடுத்திருக்கலாம். செத்ததையும் அழிக்க வேண்டாம், செயின் மீண்டும் பழைய கிளைக்கே புரண்டால் அது உயிர்த்தெழும்.

கன்ஃபர்மேஷன் எண்ணிக்கையை, அதாவது பரிவர்த்தனை ஏறிய பிளாக்கையும் அதன் மேல் வந்தவற்றையும் சேர்த்த எண்ணிக்கையை, சேமித்து வைத்து, பிளாக் வரும்போதெல்லாம் ஒன்று கூட்டுவதும் வேண்டாம். எந்த பிளாக்கில் ஏறியது என்று காட்டும் ஹாஷை (பிளாக்கின் தனி அடையாள எண்) மட்டும் வைத்துக்கொண்டு, எண்ணிக்கையைத் தேவைப்படும்போது கணக்கிடுங்கள்.

சரி, எவ்வளவு ஆழம் வரை கழற்றத் தயாராக இருக்க வேண்டும்? ஆறு பிளாக் என்று நிரலில் எழுதி வைப்பது ஆபத்து. 2013 மார்ச்சில் பிட்காயினின் 0.8 பதிப்பு ஏற்ற ஒரு பெரிய பிளாக்கைப் பழைய பதிப்புகள் பல ஏற்கவில்லை. தரவுத்தளம் மாறியதன் விளைவு அது. மைனர்கள் பழைய பதிப்புக்குத் திரும்பி மற்றக் கிளையை முந்தச் செய்தபோது 24 பிளாக்குகள் கைவிடப்பட்டன. 2015 ஜூலையில் சில மைனர்கள் பிளாக்குகளைச் சரிபார்க்காமலேயே மேலே அடுக்கியதால், செல்லாத கிளை ஒன்று ஆறு பிளாக் வரை வளர்ந்தது. முழு பிளாக்கைச் சரிபார்க்காமல் அதன் சுருக்கமான முன்பகுதியான தலைப்புகளை மட்டும் படிக்கும் இலகு வாலட்டுகளால் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. அத்தகைய வாலட் வைத்திருந்தவர்களை வழக்கத்தைவிட 30 கன்ஃபர்மேஷன் கூடுதலாகக் காத்திருக்கச் சொன்னார்கள்.

பிளாக் தலைப்புகள் ஒரு கோப்பிலும் வாலட் நிலை இன்னொன்றிலும் இருந்தால், மாற்றத்தின் நடுவே செயலி நின்றுபோனால் இரண்டும் வேறு வேறு கிளையில் நிற்கும். வாலட் கடைசியாகக் கண்ட பிளாக்கின் ஹாஷை அதன் கோப்பிலேயே எழுதுங்கள். திறக்கும்போது அது நடப்புக் கிளையில் இல்லையென்றால், பிரிந்த இடத்துக்குப் பின்வாங்கித் தொடரட்டும்.

இதையெல்லாம் சோதிக்க நிஜ வலையில் பிளவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிட்காயின் கோர் (Bitcoin Core) மென்பொருளை, உங்கள் கணினியிலேயே தனிச் சோதனை வலை தரும் ரெக்டெஸ்ட் (regtest) முறையில் ஓட்டி, பிளாக்கைச் செல்லாததாகக் குறிக்கும் இன்வாலிடேட்பிளாக் (invalidateblock) கட்டளையால் சில பிளாக்குகளைத் தள்ளிவிட்டு, காலி பிளாக்குகளால் புதிய கிளை வளர்த்துப் பாருங்கள். பிறகு புதிய கிளையையும் அப்படியே தள்ளிவிட்டு, பழையதை, அந்தக் குறியை நீக்கும் ரீகன்சிடர்பிளாக் (reconsiderblock) கட்டளை கொண்டு மீட்டெடுங்கள். வாலட்டின் இருப்பு, தொடங்கும்போது இருந்த தொகைக்கே கடைசி சதோஷி (பிட்காயினின் மிகச் சிறிய அலகு) வரை திரும்பி வர வேண்டும்.