மலைப்பகுதிப் பள்ளிக் கணினி அறையில் வலைவழித் துவக்கமும் டெபியன் நிறுவலும்

கோத்தகிரியிலோ குன்னூரிலோ ஒரு பள்ளியின் கணினி அறை முழுவதற்கும் டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவ வேண்டியிருந்தால், பென் டிரைவை ஒவ்வொரு கணினியாக மாற்றிச் செருகுவதைவிட, ஒரே சர்வரிலிருந்து வலைவழியாக அனைத்தையும் துவக்கி நிறுவுவதே நல்லது. இதற்குரிய பிஎக்ஸ்இ முறையை இன்டெல் நிறுவனம் வகுத்தது, அதன் 2.1 பதிப்பு 1999-இல் வந்துவிட்டதால், நன்கொடையாக வரும் பழைய கணினிகளிலும் இந்த வசதி பெரும்பாலும் இருக்கும். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் கோத்தகிரிப் பக்கத்திலும், தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், பந்தலூர்ப் பக்கத்திலும் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் மின்சாரமும் இணையமும் எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே நிறுவலுக்கு வேண்டிய எல்லாம் அறைக்குள்ளேயே இருக்கும்படி அமைப்பதுதான் இங்கே முதல் வேலை.

சர்வராக இரண்டு நெட்வொர்க் கார்டு உள்ள சாதாரணக் கணினியே போதும். ஒரு கார்டை இணைய ரவுட்டருடனும், மற்றொன்றை அறைக் கணினிகள் சேரும் சுவிட்சுடனும் இணைத்து, சுவிட்ச் பக்கத்துக் கார்டுக்கு 192.168.50.1 என்ற நிலையான முகவரியைக் கொடுங்கள். அதில் டிஎன்எஸ்மாஸ்க் என்னும் மென்பொருளை நிறுவினால், முகவரி வழங்கும் டிஎச்சிபி வேலையையும் துவக்கக் கோப்புகளை அனுப்பும் டிஎஃப்டிபி வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும். அது சுவிட்ச் பக்கத்துக் கார்டில் மட்டுமே பதில் சொல்லும்படி கட்டாயம் கட்டுப்படுத்த வேண்டும். இல்லையேல் பள்ளி அலுவலகத்துக் கணினிகளுக்கும் அது முகவரி வழங்கத் தொடங்கி, அங்குள்ள இணைப்பைக் குலைத்துவிடும்.

டெபியன் தளத்திலிருந்து வலைவழித் துவக்கத்துக்கான நெட்பூட் தொகுப்பை இறக்கி டிஎஃப்டிபி அடைவில் விரியுங்கள். கணினியை முதலில் எழுப்பும் உள்மென்பொருள் பழைய கணினிகளில் பயாஸ், புதியவற்றில் யுஇஎஃப்ஐ. இவ்விரு வகைக்கும் துவக்கக் கோப்பு வேறு வேறு. கணினி தன் வகையை டிஎச்சிபி 93-ஆம் விருப்ப எண்ணில் தெரிவிக்கும்: 0 என்றால் பயாஸ், 7 என்றால் 64-பிட் யுஇஎஃப்ஐ, சில கணினிகள் 9 என்றும் அனுப்பும். அதைப் பார்த்து பயாஸ் கணினிக்கு பிஎக்ஸ்லினக்ஸ் கோப்பையும் மற்றதற்கு இஎஃப்ஐ கோப்பையும் அனுப்புமாறு டிஎன்எஸ்மாஸ்கில் எழுதிவிட வேண்டும்.

அடுத்து, அதே சர்வரில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்னும் இடைச்சேமிப்பை நிறுவுங்கள். அது 3142-ஆம் போர்ட்டில் இயங்கும். முதல் கணினி கேட்கும் மென்பொருள் பொதிகளை இணையத்திலிருந்து இறக்கிச் சேமித்து, அடுத்தடுத்த கணினிகளுக்குத் தன் வட்டிலிருந்தே தரும். இணையம் நன்றாக இருக்கும் ஒரு நாளில் பயாஸ் கணினி ஒன்றிலும் யுஇஎஃப்ஐ கணினி ஒன்றிலும் முழு நிறுவலைச் செய்து முடித்துவிடுங்கள். வட்டிலிருந்து இயங்குதளத்தைத் துவக்கும் கிரப் பொதி இரண்டுக்கும் வேறு என்பதால், ஒரு வகையை மட்டும் நிறுவினால், இணையம் அறுந்த நாளில் மற்ற வகைக் கணினிகள் கடைசிக் கட்டத்தில் நின்றுபோகும்.

மொழி, நேர மண்டலம், பயனர் கணக்கு, இடைச்சேமிப்பின் முகவரி என நிறுவலின்போது கேட்கப்படுபவற்றுக்கான விடைகளை ப்ரீசீட் என்னும் கோப்பில் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். வட்டைப் பிரிப்பதற்கான ஒப்புதலை மட்டும் ஆளே கையால் கொடுக்கும்படி விட்டுவிடுங்கள் என்பதே என் திடமான கருத்து. அவ்வாறே துவக்கப் பட்டியலில், பத்து விநாடிக்குள் யாரும் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் கணினி தன் சொந்த வட்டிலிருந்தே துவங்க வேண்டும். மாணவர்களின் வேலை இருக்கும் வட்டு ஒருபோதும் தானாக அழியக் கூடாது.

துவக்கம் நின்றால், திரையில் தெரியும் பிழை எண்ணே பாதி விடையைச் சொல்லிவிடும். இ51 என்றால் டிஎச்சிபி பதிலே வரவில்லை. முதலில் கேபிளையும் சுவிட்சையும் பாருங்கள். இ53 என்றால் முகவரி கிடைத்தும் துவக்கக் கோப்பின் பெயர் வரவில்லை. இ32 என்றால் டிஎஃப்டிபி பதில் வரவில்லை. சர்வரின் ஃபயர்வால், டிஎஃப்டிபி பயன்படுத்தும் யுடிபி 69-ஆம் போர்ட்டைத் தடுக்கிறதா என்று சரிபாருங்கள்.

நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையில் இன்னொரு சிக்கல் வரும். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தால், கணினி பல ஆண்டு பழைய தேதியுடன் எழும். துவக்க வரிசையும் பழைய நிலைக்குப் போயிருக்கும். அந்தத் தேதியில் பொதிப் பட்டியல் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று நிறுவல் மறுக்கப்படும். வலையமைப்பில் எவ்வளவு தேடினாலும் காரணம் அகப்படாது. பேட்டரியை மாற்றி, பயாஸில் தேதியைத் திருத்திவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.

சர்வரையும் சுவிட்சையும் யுபிஎஸ்ஸில் இணைத்து, மற்றக் கணினிகளை யுபிஎஸ் தாங்கும் அளவுக்குச் சிறு சிறு குழுவாகப் பிரித்து நிறுவுங்கள். பாதியில் மின்சாரம் போன கணினியை மறுபடி முதலிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். நிறுவி முடித்த கணினியை வேறு பள்ளிக்கு அனுப்புவதாக இருந்தால், அதில் பொதிகளை இறக்கி நிறுவும் ஆப்ட் கருவியின் அமைப்பில் பதிந்திருக்கும் இடைச்சேமிப்பு முகவரியை நீக்கிவிட்டு அனுப்புங்கள். அது இருக்கும்வரை அங்கே எந்தப் புதுப்பிப்பும் இறங்காது.