வெயில் விழும் இடத்தைப் பார்த்துவிட்டு ரோஜா வாங்குங்கள்

நான் கொன்ற முதல் மூன்று ரோஜாச் செடிகளும் மலேசியாவின் கேமரன் மலையிலிருந்து வந்தவை. கடையில் பார்த்தபோது ஒவ்வொன்றிலும் ஏழெட்டுப் பூ. 1,400 மீட்டர் உயரத்துக் குளிரில் வளர்ந்த செடி, சிங்கப்பூர் யீஷூனில் எங்கள் ஒன்பதாவது மாடிப் பொதுத் தாழ்வாரத்துக்கு வந்ததும் இலையைக் கொட்ட ஆரம்பித்தது. தண்ணீர் போதவில்லையாக்கும் என்று நான் இரண்டு வேளையும் ஊற்றினேன். பிடுங்கிப் பார்த்தபோது வேர் கறுத்து, ஊறிய புளி மாதிரி கையோடு வந்தது.

அதற்குப் பிறகு பூவைப் பார்த்துச் செடி வாங்குவதில்லை. பூவே இல்லாமல், அடியிலிருந்து மூன்று நான்கு தடித்த கிளையும் புதுச் சிவப்புத் துளிரும் இருந்தால் எடுப்பேன். முதல் செடிக்குப் பட்டன் ரோஜா போதும், நம் வெக்கையைத் தாங்கும். பன்னீர் ரோஜா கிடைத்தால் விடாதீர்கள். ஊரிலிருந்து குச்சியைப் பெட்டிக்குள் சுருட்டிக் கொண்டுவரும் யோசனை மட்டும் வேண்டாம். அதற்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ், இறக்குமதி அனுமதி எல்லாம் வேண்டும்.

ஆனால் செடிக்கு முன்னால் வெயில். நாம் நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகை சொச்சம்தான் வடக்கே இருக்கிறோம். அதனால் சூரியன் வருஷத்தில் பாதி நாள் வடக்குப் பக்கமாகவும் பாதி நாள் தெற்குப் பக்கமாகவும் போகிறது. எங்கள் தாழ்வாரம் வடக்குப் பார்த்தது. ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை வெயில் உள்ளே வந்து விழும். அக்டோபர் பிறந்தால் ஒரு பொட்டு வெயில் கிடையாது. இது தெரியாமல் இரண்டு வருஷம் உரத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது தொட்டிகளைச் சக்கரப் பலகையில் வைத்திருக்கிறேன். தீபாவளிச் சமயத்தில் எல்லாம் தெற்கு ஜன்னலோரத்துக்கு இடம் மாறும், ஏப்ரலில் திரும்ப வெளியே. கிழக்குப் பார்த்த வீட்டுக்காரர்களுக்கு இந்தப் பாடு இல்லை, கொடுத்துவைத்தவர்கள். பெரிய ரோஜாவுக்கு ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். பட்டன் ரோஜா நாலு மணி நேரத்திலும் சமாளிக்கும்.

தாழ்வாரத்தில் வைப்பவர்கள் நடைபாதை 1.2 மீட்டர் விட்டிருக்கிறதா என்று அளந்துவிடுங்கள். தீ விபத்தென்றால் ஓடுவதற்கான வழி அது.

தொட்டி பன்னிரண்டு அங்குலம், அடியில் தாராளமாக ஓட்டை. மண் பாதி, தேங்காய் நார்த்தூளும் மட்கிய உரமும் மீதி, அதோடு இரண்டு கை பெர்லைட், தண்ணீரை வடியவிடும் வெள்ளைத் துகள். தண்ணீர் ஊற்றிப் பத்து எண்ணுவதற்குள் அடியில் ஒழுக வேண்டும். ஒழுகவில்லையென்றால் கலவை சரியில்லை. காலையில் விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. தொட்டிக்குக் கீழே தட்டு வைப்பதை நான் விட்டுவிட்டேன், டெங்கிக் கொசுவுக்கு அந்தக் கொஞ்சம் தண்ணீரே தாராளம். இறுகிப்போன மேல்மண்ணில் தேங்கும் தண்ணீரிலும் அது முட்டையிடும். ஆகவே வாரம் ஒருமுறை பழைய முள்கரண்டியால் மண்ணைக் கிளறுவேன். கோப்பிக் கடைச் சக்கையைக் கொட்டுகிறவர்கள் இதைக் கவனியுங்கள், அது காய்ந்தால் அடை மாதிரி மேலே படிந்துவிடும்.

உரம் கொஞ்சமாக, அடிக்கடி. அட்டையில் போட்டிருப்பதில் பாதி அளவு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை. மீன் கரைசல் நல்லதுதான், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொள்வார்.

இலையில் வரும் தொல்லை இரண்டு. டிசம்பர், ஜனவரி மழையில் கரும்புள்ளி. அந்தப் பூஞ்சைக்கு இலை ஏழு மணி நேரம்போல நனைந்தே இருந்தால் போதும், உள்ளே இறங்கிவிடும். புள்ளி விழுந்த இலையைக் கிள்ளிக் குப்பையில் போடுங்கள், தொட்டிக்குள் விடாதீர்கள். மழை இல்லாத வாரங்களில் செம்பேன். இலை மேலே மணல் தூவியது போல வெளுத்தால் ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்து இலையைத் தட்டிப் பாருங்கள். தாளில் விழுந்த தூசி நடந்தால் அது பேன். காலை எட்டு மணிக்கு முன் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினால் பெரும்பாலும் அடங்கும். காலையில் கழுவினால்தான் மதியத்துக்குள் காயும். மாலையில் கழுவினால் பேனை விரட்டிக் கரும்புள்ளியைக் கூப்பிட்ட கதை. அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். வெயில் இறங்கியபின், இலை சீக்கிரம் காயும்படி லேசான காற்றுள்ள நாளாகப் பார்த்துத் தெளியுங்கள்.

வெட்டுவதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். நம் ஊரில் பனிக்காலம் இல்லை, செடி தானாக ஓய்வெடுக்காது. நாம்தான் கத்தரியால் ஓய்வு கொடுக்க வேண்டும். வெளிப்பக்கம் பார்க்கும் கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக. வெட்டிய வாயைப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் சரி. பழுப்பாக இருந்தால் நுனிக்கருகல் கீழே இறங்கிவிட்டது, வெள்ளை தெரியும்வரை இன்னும் வெட்டுங்கள். நான் ஒரு கிளையை நாலு முறை இறக்கியிருக்கிறேன். ஒட்டுக்கட்டிய இடத்துக்குக் கீழே முளைப்பதை இரக்கப்படாமல் பிய்த்துவிடுங்கள். அது வேருக்காக அடியில் வைத்து ஒட்டிய வேறு செடியின் குருத்து, நீங்கள் வாங்கிய ரோஜா அல்ல.

வெட்டியதிலிருந்து பூவுக்கு என் செடிகள் 40 முதல் 45 நாள் எடுக்கின்றன. ஜன்னலோரத்தில் தீபாவளிக்குப் பூ வேண்டுமென்றால் நாட்காட்டியில் பின்னோக்கி எண்ணிக்கொள்வேன். பக்கத்து வீட்டு மாக்சிக்குக்கு (மலாயில் அத்தை என்பது போல) நோன்புப் பெருநாளையொட்டிக் கணவரின் கல்லறையில் தூவ இதழ் வேண்டும். அதனால் நோன்பு தொடங்குவதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே ஒரு செடியை அவருக்கென்று வெட்டிவிடுவேன். முதல் வருஷம் மொட்டைக் குச்சியைப் பார்த்துவிட்டு, "மாத்தி?" என்று கேட்டார். மலாயில் செத்துப்போச்சா என்று அர்த்தம். இப்போது கேட்பதில்லை. பெருநாளுக்கு முந்தின வாரம் ஒரு கிண்ணத்தோடு வந்து நிற்பார்.