விரலை எண்ணிப் பார்த்து என்ன பயன்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் எங்கள் பெரியம்மா ஒரு முதலீட்டு வீடியோவை மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உதடு சரியாத்தான் அசையுது, விரலும் அஞ்சு இருக்கு. அப்ப நிஜந்தானே?" போலியைக் கண்டுபிடிக்க யாரோ சொல்லிக்கொடுத்த பாடம். இன்று அதை நம்புவதுதான் முதல் தவறு. விரல் கூடுவதும் கண் சிமிட்டாததும் பழைய கோளாறுகள். செயற்கை நுண்ணறிவு அவற்றைப் பெரும்பாலும் தாண்டிவிட்டது. போதாததற்கு, வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி வரும் வீடியோ மங்கலாகிவிடும். மிச்சமிருக்கும் பிசிறும் அதில் மறைந்துபோகும்.

தெரிந்த முகம் என்பதும் சாட்சி ஆகாது. தென்னாப்பிரிக்காவின் பொதுத் தொலைக்காட்சியான எஸ்ஏபிசியின் காலை நிகழ்ச்சியில் நாம் பார்த்துப் பழகிய தொகுப்பாளர் லியான் மனாஸின் முகத்தை வைத்தே போலி விளம்பரங்கள் ஓடின. "அதில் பேசுவது நான் இல்லை" என்று அவரே வெளிப்படையாகச் சொல்ல வேண்டியதாயிற்று. ஆகவே யார் பேசுகிறார் என்பதை விட்டுவிட்டு, என்ன கேட்கிறார் என்று பாருங்கள். தொடக்கத்தில் கேட்பது சில ஆயிரம் ராண்ட்தான். அப்புறம் திரையில் லாபம் ஏறும். எடுக்கப் போனால் "முதலில் வரி கட்டுங்கள்" என்பார்கள். உதவி செய்வதாகச் சொல்லி உங்கள் போனை அவர்களே இயக்கும் ஒரு செயலியைப் போடச் சொன்னால், வங்கிக் கணக்கே அவர்கள் கையில்.

நிதிச் சேவை நடத்துவதற்கான உரிம எண் காட்டினார்கள் என்று நம்புவது அடுத்த தவறு. அந்த எண் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் வேறொரு நிறுவனத்திடமிருந்து திருடியதாக இருக்கலாம். நிதித் துறையைக் கண்காணிக்கும் எஃப்எஸ்சிஏவின் இணையதளத்தில் அந்த எண்ணைத் தேடி, அங்கே பதிவாகியிருக்கும் நிறுவனத்தை நீங்களே தேடிப்பிடித்துக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

"வீடியோ அழைப்பில் முகம் பார்த்துப் பேசினேனே" என்கிறீர்களா? 2024 தொடக்கத்தில் வெளிவந்த ஹாங்காங் சம்பவத்தில், ஆரூப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியருக்கு வந்த மின்னஞ்சல்மீது முதலில் சந்தேகம் இருந்தது. வீடியோ அழைப்பில் மேலதிகாரியையும் சக ஊழியர்களையும் பார்த்ததும் அது போய்விட்டது. அத்தனை பேரும் போலி. போனது சுமார் 20 கோடி ஹாங்காங் டாலர். ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் மகன் வீடியோவில் வந்து அவசரமாகப் பணம் கேட்டாலும் அழைப்பைத் துண்டித்துவிட்டு, உங்களிடம் இருக்கும் பழைய எண்ணுக்குக் கூப்பிடுங்கள். வீட்டுக்குள் ஒரு இரகசியக் கேள்வியும் வைத்துக்கொள்ளுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மட்டும் அதைப் போட்டுவிடாதீர்கள்! எங்கள் வீட்டுக் கேள்வி பெரியம்மா வைத்தது, ஆயாவின் கூழைப் பற்றியது. அதற்கு மேல் சொல்லமாட்டேன்.

பணம் போய்விட்டால், ஊர் சிரிக்குமே என்று மறைப்பதுதான் எல்லாவற்றையும்விட நஷ்டம். அந்த நிமிடமே வங்கியின் மோசடிப் பிரிவுக்குப் போன் செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவிவிட்டால் பிடிப்பது கடினம். பிறகு போலீஸில் புகார் கொடுத்து வழக்கு எண் வாங்குங்கள். அடையாள அட்டையின் நகலையும் கொடுத்திருந்தால் மோசடித் தடுப்புக்கான எஸ்ஏஎஃப்பிஎஸ் அமைப்பில் பாதுகாப்புப் பதிவு செய்யலாம், இலவசம்தான். சில வாரம் கழித்து "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று ஒருவர் கூப்பிடக்கூடும். அவர் முன்பணம் கேட்டால் பேச்சை வளர்க்காமல் போனை வைத்துவிடுங்கள். அதே கும்பலாகவும் இருக்கலாம்.